நல்லாத்தானே இருக்கீங்க?

எங்கள் ஆஸ்பத்திரியில், மருத்துவம் படித்து முடித்தவர்களை மனநல மருத்துவர்களாக ஆக்கும் வேலை என் தலையில் விழுந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. மற்ற துறைகளில் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், எலும்பைச் சேர்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைப்பீர்கள். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் நிமிஷத்துக்கு மூன்று பேரைப் பார்த்து அனுப்பிப் பழகிய ஒரு டாக்டரைப் பிடித்து உட்காரவைத்து, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை சும்மா இரு என்று சொல்லிப் பாருங்கள். நமக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

முதல் வருஷம் வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளைக் கேட்டால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். "தூக்கமெல்லாம் நல்லா வருதில்ல?" "வீட்டுல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" "செத்துப்போயிடலாம்னு எல்லாம் தோணலையே?" இப்படிக் கேட்டால் எந்த மனுஷன் தோன்றுகிறது என்பான்? பதிலையும் நாமே கேள்விக்குள் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, தலையை ஆட்ட மட்டும் நோயாளியை வைத்துக்கொள்வது. இந்த மாதிரிக் கேள்வி ஒன்றுக்கு நான் ஒரு மதிப்பெண் குறைப்பேன். அழுதாலும் குறைப்பேன். என் தாட்சண்யமின்மை கட்டடம் முழுக்கப் பிரசித்தம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, ஜெராக்ஸ்காரரைப் பற்றி. அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்க மேடம். மெஷினைப் பத்தி மட்டும் தப்பா எழுதிடாதீங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே, மருந்துக் கடைக்கும் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கும் நடுவில் செருகிவைத்தது மாதிரி அவருடைய கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். கடையின் முக்கால்வாசியை ஒரு பழைய மெஷின் அடைத்துக்கொண்டிருக்கும். மூடிய ஏதோ ஓர் ஆபீசிலிருந்து ஏலத்தில் எடுத்தது. மத்தியானத்துக்கு மேல் அவர் மனைவி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டுகளுக்குத் துளை போட்டுச் சுருள் கம்பி கோப்பார். ஒரே மகள், கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். எங்கள் மாணவர்கள் படிக்கிற குறிப்புகள் எல்லாம் அந்த மெஷின் வழியாகத்தான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகின்றன. தப்பான குறிப்புகள் உட்பட.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. அப்போது வயது இருபத்தேழு, கல்யாணமாகி ஒரு வருஷம். ஒரு நாள் பில் போட உட்கார்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு ஆம்பிளைக் குரல்கள். "இதோ, பேனாவை எடுக்கிறான்" என்றது ஒன்று. "எடுத்து என்னத்தைக் கிழிக்கப் போறான்" என்றது மற்றது. அன்றிலிருந்து அவர் குளித்தால், சாப்பிட்டால், சட்டைப் பொத்தான் போட்டால், எல்லாவற்றுக்கும் அந்த இருவரின் நேர்முக வர்ணனை. மூன்று மாதம் பொறுத்தார். நாலாவது மாதம் ஆபீஸ் கடப்பாரையால் அந்தச் சுவரை இடித்தார். அந்தப் பக்கத்தில் சாக்கு மூட்டைகள்தான் இருந்தன. அவருடைய அண்ணன் நாலு பேரை வைத்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு வார்டில் டூட்டியில் இருந்தது நான். வேலைக்குச் சேர்ந்து முழுசாக ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

மருந்து கேட்டது. பத்து வாரத்தில் மனுஷன் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். அண்ணன் கைகொடுத்துக் கடை வைத்துக்கொடுத்தார். மறைப்பானேன், என் உத்தியோகத்தில் முதல் வெற்றி அவர்தான். மருத்துவர் கூட்டங்களில் அவருடைய கதையைப் படம் போட்டுப் பேசியிருக்கிறேன். மாதம் ஒரு திங்கள்கிழமை வருவார். "நல்லாத்தானே இருக்கீங்க?" என்பேன். "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் மேடம்" என்பார். அதே மாத்திரை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மொத்தமே ஒன்றரை நிமிஷம்.

இனி தேர்வு விஷயம். மூன்று வருஷப் பயிற்சி முடிந்ததும் செய்முறைத் தேர்வு. ஒரு நோயாளியை மாணவர் முன் உட்காரவைப்போம். ஒரு மணி நேரம் பேசி, நோயென்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறார், என்ன செய்யலாம் என்று தேர்வாளர்களிடம் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து இரண்டு தேர்வாளர்கள், உள்ளூர் சார்பில் நான். நோயாளிகளை ஏற்பாடு செய்வதும், ஒவ்வொருவருக்கும் விடைச்சீட்டு எழுதி உறையில் வைப்பதும் என் பொறுப்பு. ஒரு மணி நேரம் பொறுமையாக உட்காருகிற, நடுவில் எழுந்து போய்விடாத, கேட்டால் பதில் சொல்கிற நோயாளி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே எல்லாத் துறைகளிலும் வருஷா வருஷம் கூப்பிடுகிற நாலைந்து பேர் இருப்பார்கள். எங்கள் துறையில் முதல் ஆள் ஜெராக்ஸ்காரர். பதினாறு வருஷமாகத் தேர்வு அன்றைக்குக் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

வருவதோடு நின்றால் பரவாயில்லை. மாணவர்களின் குறிப்புகளை ஜெராக்ஸ் போட்டுப் போட்டு, தன் நோயைப் பற்றிய பாடத்தை மனுஷன் கரைத்துக் குடித்துவிட்டார். ஒருமுறை ஒரு பையன், "குரல் உங்ககிட்ட பேசுமா?" என்று கேட்டானாம். இவர், "இல்ல டாக்டர். என்னைப் பத்தி அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க. அதான் முக்கியமான பாயிண்ட். அடிக்கோடு போட்டுக்குங்க" என்றாராம். இன்னொருத்தி குடும்ப வரலாறு கேட்க மறந்துவிட்டாள். "வீட்டுல வேற யாருக்காவது இருக்கான்னு நீங்க இன்னும் கேக்கலையே டாக்டர்? அதுக்கு மூணு மார்க்" என்று எடுத்துக்கொடுத்திருக்கிறார். கூப்பிட்டு வைத்துத் திட்டினேன்.

"நீங்க நோயாளியா, கோனார் நோட்ஸா? அவங்க கேட்டாத்தான் சொல்லணும்!"

"பாவம் மேடம், கை நடுங்குது புள்ளைங்களுக்கு."

அவருடைய கதை அச்சுப் பிசகாது. அதே பேனா, அதே கடப்பாரை, அதே சாக்கு மூட்டை, அதே இடத்தில் ஒரு பெருமூச்சு. கடைசி வரி, "இப்ப மேடம் புண்ணியத்துல பரிபூரணமா நல்லா இருக்கேன்." அதை அவர் சொல்லும்போது வெளித்தேர்வாளர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் அடக்கமாகத் தாளைப் புரட்டுவேன். இவரை இனி கூப்பிடவே கூடாது, இவர் இருந்தால் இதுகள் ஒரு எழவும் கற்றுக்கொள்ளாது என்று வருஷா வருஷம் சபதம் எடுப்பேன். தேர்வுக்கு முதல் நாள் மற்ற நோயாளிகளில் ஒருவர் ஊருக்குப் போய்விடுவார், ஒருவர் வரமாட்டேன் என்பார். சபதம் காற்றில் போய்விடும்.

அந்த மெஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தப்பில்லாமல். அது சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடகடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். தாள் இருக்காது, மூடி திறந்திருக்கும், பச்சை வெளிச்சம் மட்டும் இப்படியும் அப்படியும் போய் வரும். காலையில் நான் உள்ளே நுழையும்போதே அந்தச் சத்தம் ஆரம்பித்துவிடும். "எதுக்கு வெறும் மெஷினை ஓட்டுறீங்க? கரண்ட் பில் என்ன ஆகும்?" என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "சூடா இருந்தாத்தான் மேடம் காப்பி தெளிவா வரும்" என்பார். சத்தமில்லாத புது மெஷின் வாங்குங்கள் என்று மாணவர்களும் கெஞ்சிப் பார்த்துவிட்டார்கள். அசையவில்லை. கரண்ட் போய்விட்டால் மட்டும் மனுஷனைக் கடையில் பார்க்க முடியாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாலு சாலை கூடுகிற சிக்னலில் போய் நிற்பார். பஸ்ஸும் லாரியும் ஹாரனுமாக அங்கே ஒரு நிமிஷம் நின்றால் நமக்கு மண்டை கழன்றுவிடும். காரிலிருந்து நானே மூன்று நாலு தடவை பார்த்திருக்கிறேன். "சும்மா காத்து வாங்க வந்தேன் மேடம்" என்பார். அந்தப் புகையில் என்ன காற்றோ என்று சிரித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

இப்போது சாவகாசம் என்கிற என் மாணவி. எங்கள் துறையில் அவளுக்கு அதுதான் பெயர். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, மனநலம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக வந்து சேர்ந்தவள். பேச்சு நிதானம், நடை நிதானம், எழுத்து அதைவிட நிதானம். மற்றவர்கள் ஐந்து நோயாளியைப் பார்க்கிற நேரத்தில் இவள் ஒருவருடைய செருப்பு எங்கே வாங்கியது என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். இரண்டு முறை தேர்வில் தோற்றிருந்தாள். மூன்றாவதும் தோற்றால் விதிப்படி அவ்வளவுதான், மூட்டையைக் கட்டிக்கொண்டு பழைய சுகாதார நிலையத்துக்கே போக வேண்டும். அவள் புருஷன் இவளுக்காக வேலையை மாற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். ஒவ்வொரு தேர்வுக்கும் தண்ணீர் பாட்டிலும் பையுமாகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார்.

இரண்டாவது முறை அவள் தோற்றது என்னால் மறக்க முடியாதது. மனச்சோர்வு வந்த ஒரு அம்மாவிடம் பத்து நிமிஷம் அவர் வீட்டு அறைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். நேரம் போய்விட்டது. அதன் பிறகு மூன்றாவது தேர்வுக்குப் பயிற்சி கொடுக்க உட்கார்ந்தபோது என் பொறுமை போய்விட்டது.

"அந்தம்மா வீட்டுல எத்தனை ரூம் இருந்தா உனக்கென்னம்மா? வாடகைக்கா போகப் போற?"

"இல்ல மேடம், எந்த ரூம்ல உக்காந்து அழுவாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு..."

"தெரிஞ்சு?"

"யாருக்குத் தெரியாம அழறாங்கன்னு தெரியும் மேடம்."

"அதுக்கு மார்க் இல்ல" என்றேன்.

ஒரு அட்டையில் இருபத்தாறு கேள்விகள் எழுதிக்கொடுத்தேன். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிஷம். கடிகாரம் வைத்துப் பழக்கினேன். ஆறு வாரம், தினமும் மத்தியானம். "இந்த இருபத்தாறைத் தாண்டி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. புரியுதா?" "சரிங்க மேடம்" என்பாள். அடுத்த நோயாளியிடம் போய், "இந்தக் குடை ரொம்ப பழசா?" என்று ஆரம்பிப்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இல்லாவிட்டால் அந்தக் குடையாலேயே அடித்திருப்பேன்.

தேர்வு அன்று மாணவர்கள் சீட்டு எடுக்க வேண்டும். சாவகாசத்துக்கு வந்தது ஒன்றாம் நம்பர். ஜெராக்ஸ்காரர்! எனக்கு அப்பாடா என்று இருந்தது. இவரிடம் தோற்க வேண்டுமென்றால் தலைகீழாக நின்றால்தான் முடியும். இவள் வாயே திறக்காவிட்டாலும் மனுஷன் இருபத்தாறு கேள்விக்கும் வரிசையாகப் பதில் சொல்லிவிடுவார். அவரும் என்னைப் பார்த்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல் கண்ணைச் சிமிட்டினார்.

அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. பத்தாவது நிமிஷம் எட்டிப் பார்த்தேன். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கதையை ஒப்பித்துக்கொண்டிருந்தார், இவள் எழுதிக்கொண்டிருந்தாள். நல்லது. முப்பதாவது நிமிஷம் பார்த்தேன். அவர் பேசவில்லை. இவளும் பேசவில்லை. இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்! எனக்கு ரத்தம் தலைக்கேறியது. உள்ளே போகக் கூடாது என்பது விதி. தாழ்வாரத்தில் அவள் புருஷன் எழுந்து நின்று, "எப்படிங்க மேடம் போகுது?" என்றார். "ஆற அமரப் போகுது" என்றேன். நாற்பத்தைந்தாவது நிமிஷம் பார்த்தபோது ஜெராக்ஸ்காரர் முன்னால் குனிந்து, தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். இவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்திருந்தாள். என் இருபத்தாறு கேள்வி அட்டை பேனாவுக்கு அடியில் கிடந்தது.

மணி அடித்தது. தேர்வாளர்கள் முன் வந்து உட்கார்ந்தாள். வெளியூரிலிருந்து வந்த பெரியவருக்கு நாலு மணிக்கு ரயில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொருவர் பெரியவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவர். சாவகாசம் கதையை ஒழுங்காகத்தான் சொன்னாள். பேனா, கடப்பாரை, சாக்கு மூட்டை, எல்லாம் வந்தது. நான் மூச்சு விட்டேன். பிறகு சொன்னாள்:

"இப்போதைய நிலை: குரல்கள் இருக்கு சார். நிக்கவே இல்ல. மருந்துல சத்தம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். கடைசி மூணு மாசமா பயமும் இருக்கு."

பெரியவர் உறையைப் பிரித்து என் விடைச்சீட்டைப் பார்த்தார். அதில் என் கையெழுத்தில், வருஷா வருஷம் எழுதுகிறபடி, 'முழுமையாகக் குணமடைந்த நிலை. குரல்கள் இல்லை' என்று இருந்தது. என்னைப் பார்த்தார். நான் சாவகாசத்தைப் பார்த்தேன். பார்வையாலேயே அவளைப் பொசுக்கியிருப்பேன். ஆறு வாரம்! லட்டு மாதிரி கையில் வந்ததைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டுவிட்டாளே!

"வாங்க, பேஷன்ட்டையே கேட்டுருவோம்" என்று பெரியவர் எழுந்தார். சாவகாசமும் எழுந்தாள். "சார், மேடம் முன்னாடி கேக்க வேணாம்னு..." என்று ஆரம்பித்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் உள்ளே போனோம்.

"இப்பல்லாம் குரல் எதுவும் கேக்கலையே? நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார் பெரியவர்.

ஜெராக்ஸ்காரர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இல்லைங்க சார். மேடம் புண்ணியத்துல பரிபூரணமா நல்லா இருக்கேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தோம். பெரியவருக்கு உண்மையாகவே கோபம். "ஃபெயிலாகறது வேற, பேஷன்ட் சொல்லாததைச் சொன்னார்னு சொல்றது வேற. நீங்க சின்னப் பொண்ணு இல்ல. என்னம்மா இது?"

"என்கிட்ட சொன்னார் சார்."

"அப்படி என்ன கேட்டீங்க, எங்ககிட்ட சொல்லாததை உங்ககிட்ட சொல்றதுக்கு?"

"கரண்ட் போனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன் சார்."

தலையாட்டுகிறவர் சிரித்துவிட்டார். பெரியவரும் சிரித்தார்.

சாவகாசம் அவசரப்படவில்லை. அவளுக்கு அவசரப்படத் தெரியாது. "போன மாசம் நோட்ஸ் போடப் போனேன் சார். நடுவுல கரண்ட் போயிடுச்சு. என் தாளையெல்லாம் அப்படியே போட்டுட்டு ரோட்டைப் பாக்க ஓடினாரு. ஏன்னு அன்னைக்கு கேக்கத் தோணல. இன்னைக்கு கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. நானும் சும்மா இருந்தேன். அப்புறம்தான் சொன்னாரு. மெஷின் ஓடினா அவங்க பேசறது அமுங்கிடுமாம். அதுக்குத்தான் சும்மாவே ஓட்டுறாராம். கரண்ட் இல்லைன்னா சிக்னல்ல போய் நிப்பாராம். இப்ப அந்த மெஷினுக்கு டிரம் தேஞ்சுபோச்சு, புதுசு எங்கயும் கிடைக்காது, இன்னும் ரெண்டு மூணு மாசம்தான் ஓடும்னு ரிப்பேர் பண்றவர் சொல்லிட்டாராம். 'நின்னுட்டா நான் என்னம்மா பண்ணுவேன்'னு கேட்டாரு சார். தேர்வுல சொல்லலாமான்னு கேட்டேன். சொல்லுங்க, மேடம் முன்னாடி மட்டும் என்னைக் கேக்க வேணாம்னு சொன்னாரு."

"நல்ல கதை" என்று பெரியவர் மதிப்பெண் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

பச்சை வெளிச்சம் தாளில்லாமல் போய் வருவது கண்ணில் வந்தது. ஹாரன் சத்தத்துக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனுஷன் கண்ணில் வந்தார். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனதும் வந்தது. பத்தொன்பது வருஷம், மாதம் ஒரு திங்கள்கிழமை. கணக்குப் போட்டால் இருநூறு தடவைக்கு மேல் நான் அவரைக் கேட்டது ஒரே கேள்வி. முதல் வருஷப் பிள்ளைகள் கேட்டால் மதிப்பெண் குறைப்பேனே, அதே கேள்வி.

அரை நிமிஷம் நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த அரை நிமிஷத்தில் நினைத்தது அவரைப் பற்றியும் இல்லை, அவளைப் பற்றியும் இல்லை. கூட்டங்களில் நான் போட்டுக்காட்டிய படங்களைப் பற்றி. சும்மா இருந்துவிட்டால் என் சீட்டு சுத்தமாக இருக்கும். இவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். ஜெராக்ஸ்காரரை ரகசியமாகக் கூப்பிட்டு நானே மருந்தை மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. பெரியவர் பேனா தாளில் பட்டுவிட்டது.

"சார், எழுதாதீங்க. சீட்டு தப்பு."

"எந்தச் சீட்டு?"

"நான் எழுதின சீட்டு. அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. அந்த மெஷின் வெறுமனே ஓடறதை நான் தினம் பாக்குறேன் சார். அவர் சிக்னல்ல நிக்கறதையும் பாத்திருக்கேன். ஏன்னு கேட்டதில்ல."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பேஷன்ட்டுதானே? எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது வருஷமா."

"எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை பாப்பீங்க?"

"மாசாமாசம் சார்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. தலையாட்டுகிறவர் முதல் தடவையாகத் தலையாட்டாமல் இருந்தார். நான் விடைச்சீட்டை வாங்கி, 'குரல்கள் இல்லை' என்பதை அடித்து, 'இருக்கின்றன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரியவர் ரயிலை மறந்துவிட்டு சாவகாசத்திடம் இன்னும் இருபது நிமிஷம் கேள்வி கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்து, வழக்கம்போல நம் உயிரை வாங்கி, பதில் சொன்னாள். தேறிவிட்டாள். வெளியே அவள் புருஷன் தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு அழுதார். அவள், "பாட்டில் மூடி எங்க போச்சு?" என்று தேடிக்கொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை ஜெராக்ஸ்காரர் மனைவியோடு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் அந்தம்மா ஆரம்பித்துவிட்டார். "வீட்டுலயும் அப்படித்தான் மேடம். தூங்கற வரைக்கும் டிவி அலறணும். மக படிக்க முடியாம பக்கத்து வீட்டுக்குப் போவா. சொல்லித் தொலைங்களேன்னு எத்தனை தடவை தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'மேடம் என்னைக் காட்டித்தான் எல்லாருக்கும் பாடம் நடத்துறாங்க, அவங்க மூஞ்சில கரி பூசவா'ன்னு என் வாயை அடைச்சிட்டாரு."

"ஏங்க, நோயைச் சொல்றதுக்கு என்னங்க வெக்கம்?" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். கோபம் அவர்மேல் இல்லை, வெளியே வந்தது மட்டும் அவர் பக்கமாக.

"வெக்கம் இல்ல மேடம். நீங்க அவ்வளவு சந்தோஷமா கேப்பீங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு, "டாக்டரம்மா பாஸாமே? நான் ஒண்ணுமே எடுத்துக்கொடுக்கல மேடம், சத்தியமா" என்றார்.

கேஸ் புத்தகத்தைத் திறந்தேன். பக்கம் பக்கமாக அதே மாத்திரை, அதே கையெழுத்து. நல்லாத்தானே என்று நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கினேன். விழுங்குவது சுலபமாக இல்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன்.

"இப்ப என்ன சொல்றாங்க?"

பதினாறு வருஷம் எல்லாக் கேள்விக்கும் தயாராகப் பதில் வைத்திருந்த மனுஷன் உடனே பதில் சொல்லவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு கேட்டார். வெளியே வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள். நான் சும்மா இருந்தேன்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது மேடம்."

"மாட்டேன்."

"'இந்தம்மா இப்பத்தான் கேக்குது'ங்கறான் ஒருத்தன்."

"இன்னொருத்தன்?"

"அவன் 'சரி விடு, இப்பவாவது கேட்டுச்சே'ங்கறான்."

பேனாவைத் திறந்து இரண்டையும் எழுதிக்கொண்டேன்.